கோபுரத்து வண்ணத்தில் ஒரு தீசிஸ் இருக்கிறதா?

நீங்கள் கேட்டதை என் சொல்லில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். வேதியியலில் ஹானர்ஸ் முடித்திருக்கிறீர்கள். வரலாறு பள்ளியிலிருந்தே பிடிக்கும், சனிக்கிழமைகளில் ஓவிய வகுப்புக்குப் போகிறீர்கள். மூன்றையும் சேர்த்து ஒரே ஆய்வேடாகச் செய்ய முடியுமா, அதைச் சிங்கப்பூரில் இருந்துகொண்டே செய்ய முடியுமா என்பது கேள்வி. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் கோபுரத்தின் பழைய வண்ணங்களை ஆராய்ந்தால் கோயிலின் வரலாறு தெரியவருமா என்று உதாரணமும் கொடுத்திருக்கிறீர்கள். முடியும் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் உங்கள் கேள்விக்கு அடியில் வேறொன்று இருப்பதாகத் தோன்றுகிறது: மூன்றில் எதையும் விட மனமில்லை, எதையும் விடாமல் பட்டம் வாங்க வழி உண்டா என்பதுதான் அது. அதற்குத்தான் இந்த நீளப் பதில்.

நான் பகுப்பாய்வு வேதியியல் படித்தவள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பழம்பொருள்களின் வண்ணத்தையும் உலோகத்தையும் துணியையும் கருவிக்கடியில் வைத்துப் பார்ப்பதுதான் பிழைப்பு. சில ஆய்வேடுகளுக்கு இணை நெறியாளராகவும் சிலவற்றுக்குத் தேர்வாளராகவும் இருந்திருக்கிறேன். கலை என்று நீங்கள் சொல்வதில் இசையும் நாடகமும் அடங்கும் என்றால் அந்தப் பக்கம் நான் வரவில்லை. கையால் தொடக்கூடிய பொருள்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இது ஏதோ புதிதாக முளைத்த துறை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் ஆட்களிடையே இதற்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் கூடம் ஒன்றைத் தொடங்கினார்கள். பச்சைப் பூத்துப் பொரிந்துகொண்டிருந்த செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் காப்பாற்றுவது அதன் தொடக்கக் கவலை. அங்கே வேலை பார்த்த எஸ். பரமசிவன் அதோடு நிற்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் ஒளிந்திருப்பது 1931இல் தெரியவந்தது. அந்தச் சுவரின் சாந்தையும் வண்ணத்தையும் எடுத்து ஆராய்ந்து, ஈரச் சுண்ணாம்பின் மேல் தீட்டப்பட்ட ஓவியம் அது என்று எழுதினார். அதாவது வண்ணத்தைச் சுவரில் பிடித்துவைத்திருப்பது பசை இல்லை, இறுகிப்போன சுண்ணாம்பேதான். கேட்பதற்கு வெறும் வேதியியல் மாதிரி இருக்கிறது. ஆனால் ஈரம் காய்வதற்குள் ஓவியன் கைவைத்து முடித்தாக வேண்டும் என்றால், ஒரு நாளுக்கு எவ்வளவு பரப்பில் சாந்து பூசினார்கள், கோடு போட்டவரும் வண்ணம் நிரப்பியவரும் ஒருவரா, எத்தனை பேர் சாரத்தில் நின்றார்கள் என்று அடுத்தடுத்து வருகிற கேள்விகள் எல்லாம் கலை வரலாற்றுக் கேள்விகள்.

இன்னும் நெருக்கமான உதாரணம், நீங்கள் கேட்பதைப் பட்டத்துக்கான ஆய்வாகவே செய்து முடித்த சாரதா சீனிவாசன். பொறியியல் இயற்பியல் படித்தவர், பரதநாட்டியம் ஆடுகிறவர். லண்டனில் 1990களில் முனைவர் பட்டத்துக்காகத் தென்னிந்தியத் திருமேனிகளை எடுத்துக்கொண்டார். நூற்றுக்கும் மேற்பட்ட சிலைகளிலிருந்து நுண்ணிய துளையிட்டு உலோகத் துகள் எடுத்துச் சோதித்தார். பஞ்சலோகம் என்று நாம் வாய் நிறையச் சொல்கிறோம். சோதித்துப் பார்த்தால் பெரும்பாலானவை செம்பு, வெள்ளீயம், ஈயம் கலந்த வெண்கலமே. பொன்னும் வெள்ளியும் இருந்தால் சுவடளவு. அதற்காக ஸ்தபதிகள் பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. வார்ப்பு நேரத்தில் பக்தர்கள் உருகும் உலோகத்தில் போடும் ஒரு குன்றிமணிப் பொன்னுக்கு என்ன பொருள் என்பது சடங்கு சார்ந்த சங்கதி. அதைத் தராசு தீர்மானிக்காது.

அவருடைய ஆய்வில் என்னை இன்றைக்கும் அசத்துவது ஈய ஓரிடத்தான் பகுதி. ஓரிடத்தான் என்றால் ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணு வகை. யுரேனியமும் தோரியமும் சிதைந்து ஈயமாகின்றன. ஆகவே ஒவ்வொரு தாதுப் படிவிலும் ஈயத்தின் ஓரிடத்தான்கள் அதனதன் வயதுக்கும் பிறப்புக்கும் ஏற்ற விகிதத்தில் இருக்கும். உருக்கினாலும் வார்த்தாலும் அந்த விகிதம் மாறுவதில்லை. நன்றாகக் காலம் தெரிந்த சில சிலைகளின் விகிதத்தை முதலில் அளந்து, பல்லவர், சோழர், விஜயநகரம் என்று தொகுதிகள் பிரிகின்றனவா என்று பார்த்து, பிறகு காலம் தெரியாத சிலையை அந்தத் தொகுதிகளோடு ஒப்பிட்டார். கவனியுங்கள், ‘நன்றாகக் காலம் தெரிந்த சில சிலைகள்’ என்பதைக் கருவி தரவில்லை. கல்வெட்டும், சிற்பத்தின் நகையும் பூணூல் விழும் வளைவும் பார்த்துப் பழகிய கண்ணும் தந்தவை அவை. மூன்று துறையும் ஒரே சிலையில் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன. ஒன்றை உருவினால் மற்ற இரண்டும் சரியும். உங்கள் ஆய்வுக்கும் நான் வைக்கும் ஒரே சோதனை இதுதான். வேதியியல் பகுதியைக் கிழித்து எறிந்தாலும் மீதி ஆய்வேடு நிற்கிறது என்றால், அது பின்னிணைப்பில் போட வேண்டிய அலங்காரம்.

இதில் உறுதியானது எது, சந்தேகமானது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சிலையில் என்ன உலோகம் எத்தனை விழுக்காடு என்பதை நல்ல மாதிரி கிடைத்தால் உறுதியாகச் சொல்லலாம். எப்போது வார்த்தது என்பதை உலோகம் நேரடியாகச் சொல்லாது. வெளிநாட்டு வெண்கலங்கள் பலவற்றில் உள்ளே களிமண் கரு இருக்கும். அதை வெப்ப ஒளிர்வு முறையில் சோதித்து வயது கணிக்கலாம். நம் ஸ்தபதிகள் பெரும்பாலும் கனமாக, உள்ளே வெற்றிடமில்லாமல் வார்த்தார்கள். சோதிக்கக் கருவே கிடையாது. பழைய பாத்திரத்தையும் உடைந்த சிலையையும் உருக்கிச் சேர்த்திருந்தால் ஈய விகிதமும் குழம்பிவிடும். களவு விஷயத்தில் வேதியியல் இன்னும் அடக்கமாக இருக்க வேண்டும். சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007இல் வாங்கிய 11ஆம் நூற்றாண்டு உமா பரமேஸ்வரி திருமேனி, அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போனது என்று தெரிந்து 2015இல் இந்தியாவுக்குத் திரும்பிப் போனது. அந்தச் சிலையைச் சோதித்திருந்தால் சோழர் கால உலோகத்தோடு அழகாகப் பொருந்தியிருக்கும், அது அசல் சோழர் சிலைதானே! திருட்டுப் பொருளா இல்லையா என்பதைப் பழைய புகைப்படமும் விற்பனைக் காகிதமும்தான் சொல்லும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் தூங்கிக்கொண்டிருந்த கோயில் படங்கள் இப்படிப் பல சிலைகளை அடையாளம் காட்ட உதவியிருக்கின்றன.

இப்போது பட்டத்துக்கு வருவோம். மூன்று துறையில் ஆய்வு செய்யலாம், பட்டத்தை ஒரு துறைதான் கொடுக்கும். இந்த இடத்தில் நிறையப் பேர் சறுக்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். வேதியியல் துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டால், தேர்வாளர் கேட்கப்போவது “இதில் வேதியியலுக்கு என்ன புதுசு?” என்பது. ஊரறிந்த கருவியில் ஊரறிந்த வண்ணத்தை அடையாளம் கண்டேன் என்றால், பொருள் எவ்வளவு அபூர்வமானாலும் அவர் முகம் சுளிப்பார். அந்தத் துறையில் இருக்க விரும்பினால் முறையிலேயே ஏதாவது புதிது வேண்டும்: நம் ஊர் ஈரத்தில் ஒரு வண்ணம் எந்த வழியில் சிதைகிறது, அல்லது மிகச் சிறிய மாதிரியில் பல சாயங்களை எப்படிப் பிரிப்பது என்கிற மாதிரி. மாறாக வரலாற்றுத் துறையிலோ கலை வரலாற்றிலோ பதிந்துகொண்டால், சாதாரணக் கருவி முடிவே போதும், ஆனால் ஆவணங்களை மூலமொழியில் படிக்கத் தெரிய வேண்டும், உங்கள் வாதம் அந்தத் துறையின் பேச்சுக்குள் நுழைய வேண்டும். தமிழ் படிக்கத் தெரிந்த வேதியியல் பட்டதாரி இங்கே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கோயில் கணக்கு நோட்டும் கல்யாணப் பத்திரிகையும் செட்டிநாட்டுப் பேரேடும் உங்களுக்குத் திறக்கும், சக மாணவருக்குத் திறக்காது. என்னைக் கேட்டால் உங்கள் பலம் அங்கேதான். முதுகலை ஆய்வை முதலில் இரண்டு ஆண்டில் முடித்து, ருசி பிடித்தால் முனைவர் பட்டம் என்று போங்கள். எடுத்த எடுப்பில் நான்கு ஆண்டுக் கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கோபுர யோசனையை எடுத்துக்கொள்வோம், அது நல்ல யோசனை, கொஞ்சம் செதுக்க வேண்டும். அந்தக் கோயில் 1827இல் நாராயண பிள்ளை முன்னின்று மரமும் அத்தாப்பு ஓலையுமாக எழுப்பியது. செங்கல் கட்டடம் 1843இல். கோபுரம் என்று முதலில் வந்தது 1903இல். இன்று நீங்கள் அண்ணாந்து பார்ப்பது அதுவல்ல, பின்னாளில் பெரிதாக்கிக் கட்டியது. ஆக, கோபுரத்தில் எவ்வளவு சுரண்டினாலும் 19ஆம் நூற்றாண்டு வண்ணம் கிடைக்காது. மாதிரி எடுக்கும் முன்பே கட்டட வரலாறு உங்கள் கேள்வியைப் பாதியாகக் குறைத்துவிட்டது பாருங்கள். ஆனால் மிஞ்சிய அந்தப் பாதி வளமானது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு, ஒவ்வொரு முறையும் சுதைச் சிற்பங்களுக்குப் புது வண்ணம். மாரியம்மனுக்கு 2010இல் நடந்தது, அடுத்தது 2023 பிப்ரவரியில். பழையதை முழுக்கச் சுரண்டாமல் மேலேயே பூசிக்கொண்டு போன இடங்களில் வண்ணம் அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கும். ஒரு பொருக்கைப் பிசினில் பதித்து, குறுக்கே அறுத்துத் தேய்த்து மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி வரி வரியாகத் தெரியும். முதல்முறை பார்த்தபோது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். கடுகளவு பொருக்கு, பதினோரு அடுக்கு. அடியில் சுண்ணாம்பு வெள்ளை, அதன் மேல் காவி, நடுவில் எங்கோ ஒரு கரிக்கோடு. அந்தக் கரிக்கோடு புகையா, மழையோடு வந்த தூசா, இரண்டு பூச்சுகளுக்கு நடுவே பல காலம் கவனிப்பாரற்றுக் கிடந்ததா என்று யோசித்தே ஒரு வாரம் போனது.

ஒவ்வொரு அடுக்கிலும் இருக்கும் வண்ணப்பொருள் ஒரு முன்னெல்லையைத் தரும். பெர்லினில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தது பிரஷ்ய நீலம். செயற்கை அல்ட்ராமரின் 1828இல். தாலோசயனின் நீலம் 1935இல் சந்தைக்கு வந்தது. டைட்டானியம் வெள்ளையில் அனடேஸ் வடிவம் 1920ஐ ஒட்டியும் ரூட்டைல் வடிவம் 1940களிலும் பரவின. ராமன் கருவியில், அதாவது லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை வைத்துப் பொருளை அடையாளம் காணும் கருவியில், இந்த இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடலாம், அனடேஸ் 144 என்ற அலையெண்ணில் ஒரு கூரிய முகடு காட்டும். சுண்ணாம்பின் மேல் நீலம் கண்டால் பிரஷ்ய நீலம் என்று அவசரப்படாதீர்கள், அது காரத்தில் நிலைக்காது. நம் வீடுகளில் வெள்ளையடிக்கும்போது கலந்த ‘நீலம்’ அல்ட்ராமரின்தான், கோயில் சுண்ணாம்பிலும் அதை எதிர்பார்க்கலாம். முன்னெல்லை என்றால் இதற்கு முன் இருக்க முடியாது என்பது மட்டுமே உறுதி. எவ்வளவு பின்னால் என்பதைக் கருவி சொல்லாது. லண்டனில் 1935இல் அறிமுகமான நீலம் தேக்கா கடைக்கு எந்த ஆண்டு வந்தது? அதற்குப் பழைய செய்தித்தாள் விளம்பரங்களைப் புரட்ட வேண்டும். தேசிய நூலகம் மின்னிலக்கமாக்கி வைத்திருக்கும் நாளிதழ்களில் பெயிண்ட் கம்பெனி விளம்பரங்கள் கொட்டிக் கிடக்கின்றன. தமிழ் முரசு 1935இல் தொடங்கியது, நம் காலக்கட்டத்துக்கு வசதியாக அமைந்துவிட்டது. குடமுழுக்குச் செய்தியும் வசூல் கணக்கும் அதில் தேடலாம்.

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன், கோயில் பெயர் வேண்டாம். மாணவியாக இருந்தபோது மரக் குதிரை வாகனம் ஒன்றை ஆராயக் கொடுத்தார்கள். 1890களில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தது என்பது கோயிலாரின் நம்பிக்கை. கழுத்தில், வயிற்றில், காலில் என்று மூன்று இடத்தில் பொருக்கு எடுத்தேன். மூன்றிலும் மரத்தை ஒட்டிய அடி அடுக்கிலேயே தாலோசயனின் நீலம். ராமனில் அது பளிச்சென்று விழும், தப்பவே முடியாது. ‘வாகனம் 1935க்குப் பிற்பட்டது, வாய்வழி வரலாறு தவறு’ என்று வரைவில் எழுதி நெறியாளருக்கு அனுப்பிவிட்டேன். பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மறுவாரம் வாகனத்தை மறுபடி படமெடுக்கப் போனபோது, கோயில் அலுவலகத்தில் இருந்த முதியவர் என்னைப் பார்த்து, “என்னம்மா, குதிரைக்கு வயசு கண்டுபிடிச்சாச்சா?” என்றார். சொன்னேன். கோபப்படவில்லை. அலமாரியின் அடித்தட்டிலிருந்து கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து, விரலில் எச்சில் தொட்டுப் புரட்டி, ஒரு வரியைக் காட்டினார். 1956. ‘குதிரை வாகனம் பழைய வர்ணம் சுரண்டி மராமத்து, ஆசாரி கூலி வெள்ளி 85.’

அடி அடுக்கு என்பது மிச்சமிருக்கும் அடுக்குகளில் அடியானது, அவ்வளவுதான். வாகனத்தின் முதல் வண்ணம் என்று நானாக எடுத்துக்கொண்டேன். திரும்பிப் போய் உளி எட்டாத இடங்களைத் தேடினேன். சேணத்தின் செதுக்கல் பள்ளத்தில், மணி கட்டும் வளையத்துக்குப் பின்னால், நகக்கண் அளவுக்குப் பழைய பூச்சு அகப்பட்டது. சுண்ணத்தின் மேல் காவி. காவி மண் எந்தக் காலத்திலும் காவி மண்தான், அதற்கு வயது சொல்ல முடியாது. கடைசியில் ஆய்வேட்டில் எழுதியது இவ்வளவே: வாகனம் 1956க்கு முற்பட்டது, நவீன வண்ணங்களுக்கு முந்தைய பூச்சு ஒன்று அதில் இருந்திருக்கிறது, 1890கள் என்பதை மறுக்கவும் உறுதிப்படுத்தவும் சான்று இல்லை. தேர்வாளர் அந்தப் பத்தியைத்தான் பாராட்டினார். கோயிலார் நன்கொடைப் புத்தகத்தில் 1890கள் என்றே அச்சிட்டார்கள், அது அவர்கள் உரிமை.

எக்ஸ் கதிர் பாய்ச்சி என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும், கைக்கு அடக்கமான எக்ஸ்ஆர்எஃப் கருவியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. துப்பாக்கி மாதிரி இருக்கும், சிலை மேல் வைத்து அழுத்தினால் அரை நிமிடத்தில் எண்கள் கொட்டும். இதைவிட ஆபத்தான பொம்மையை நான் பார்த்ததில்லை. அது பார்ப்பது மேல்தோலை மட்டும். தலைமுறை தலைமுறையாகப் பாலும் எண்ணெயும் திருநீறும் புளியும் கண்ட திருமேனியின் தோல் வேறு, உள்ளே இருக்கும் உலோகம் வேறு. புளி போட்டுத் துலக்கினால் மேற்பரப்பின் கலவையே மாறும். வண்ணத்திலோ, சோடியம், அலுமினியம், சிலிக்கான் மாதிரியான எடை குறைந்த தனிமங்களைக் காற்றில் அந்தக் கருவி சரியாகப் பார்க்காது. அல்ட்ராமரின் முழுக்க அந்தத் தனிமங்களால் ஆனது. நீலத்தில் செம்பும் இல்லை, கோபால்ட்டும் இல்லை, இரும்பும் இல்லை, ஆகவே அல்ட்ராமரின் என்று எழுதும் மாணவர்களின் வரைவை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். இல்லாததை வைத்துச் சொல்வது ஊகம், ராமனில் ஒருமுறை காட்டிவிட்டு எழுதுங்கள்.

அனுமதி விஷயத்தில் ஆறு மாதத்தை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். மாரியம்மன் கோயில் 1973 முதல் தேசிய நினைவுச்சின்னம், நிர்வாகம் இந்து அறக்கட்டளை வாரியத்திடம். ‘சாம்பிள் எடுக்க வேண்டும்’ என்று மின்னஞ்சல் தட்டினால் பதில் வராது, வந்தால் மறுப்பாக வரும். நேரில் போங்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்டுவிட்டு, கூட்டம் கலைந்த பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுங்கள். குடமுழுக்கு முடிந்து உருவேற்றிய தெய்வத்தின் மேல் யாரும் கத்தி வைக்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆனால் திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்து, தெய்வசக்தியை வேறிடத்துக்கு மாற்றிய பிறகு சாரம் கட்டுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த சிற்பிகள் பழுதான சுதையைத் தட்டி எடுப்பார்கள். வண்ணப் பொருக்கு வாளி வாளியாகக் குப்பைக்குப் போகும். உங்களுக்கு வேண்டியது அந்த வாளி. யார் மனத்தையும் புண்படுத்தாமல் மாதிரி கிடைக்கும் ஒரே காலம் அது, பன்னிரண்டு ஆண்டில் சில மாதம். மாரியம்மனுக்கு 2023இல் முடிந்துவிட்டதால் உங்கள் பட்டக் காலத்தில் திரும்ப வராது. சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாளுக்குக் கடைசியாக 2018இல் நடந்தது, அந்தக் கணக்குப்படி அடுத்தது 2030ஐ ஒட்டி. தீவு முழுக்கச் சிறு கோயில்கள் நிறைய. எது எப்போது பாலாலயத்துக்குப் போகிறது என்று விசாரித்து, அதற்கேற்ப ஆய்வை அமைத்துக்கொள்ளுங்கள். பெரிய கோயில்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள்.

கோயில் சரிப்படவில்லை என்றால் வேறு இரண்டு வாசல் உண்டு. ஒன்று துணி. சோழமண்டலக் கரையிலிருந்து மலாய்த் தீவுகளுக்குப் போன சாயத் துணிகளின் சிவப்பு, சாயவேர் என்ற சிறு செடியின் வேரிலிருந்து வந்தது. அதில் அலிசரின் என்ற சாயப்பொருள் தூக்கல். மஞ்சிட்டி என்ற இன்னொரு சிவப்புச் சாயச் செடியில் பர்ப்யூரின், முஞ்சிஸ்டின் என்ற வேறு சாயப்பொருள்கள் தூக்கல். அலிசரினை 1868இல் செயற்கையாகச் செய்தார்கள், ஆலையில் செய்த சாயத்தோடு வேறு உடன்பொருள்களும் ஒட்டிக்கொண்டு வரும். சில மில்லிமீட்டர் நூல் இருந்தால் திரவப் பிரிப்புக் கருவியில் இவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டலாம். கடுக்காயும் படிக்காரமும் எந்த வரிசையில் போட்டார்கள் என்பதில் வேதியியல் இருக்கிறது, எந்தத் துறைமுகத்தில் எந்தப் பூவேலைக்குக் கிராக்கி என்பதில் வணிக வரலாறு இருக்கிறது. பழைய பத்திக் சேலையும் சாயத் துணியும் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன, பழகிப் பேசினால் காட்டுவார்கள்.

மற்றொன்று நன்யாங் ஓவியர்கள், அதாவது சீனாவிலிருந்து வந்து சிங்கப்பூரில் வரைந்த முன்னோடி ஓவியர்கள். அவர்களில் ஒருவரான ல்யூ காங் பாரிஸில் 1929 முதல் 1932 வரையும் பிறகு ஷாங்காயிலும் வரைந்த ஓவியங்களைச் சிங்கப்பூர் மரபுடைமைப் பாதுகாப்பு நிலையத்தைச் சேர்ந்தவரும் போலந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆராய்ந்து ஆய்விதழ்களில் வெளியிட்டிருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் படத்துக்கு அடியில் வேறு படம் தெரிந்த சங்கதியும் அதில் உண்டு. பழைய கேன்வாஸின் மேலேயே திரும்ப வரைந்திருக்கிறார் என்பதைக் கருவி காட்டும். காசு இல்லாமலா, பழைய படம் பிடிக்காமலா என்பதைக் கடிதமும் காலமும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் இருந்துகொண்டு இத்தகைய ஆய்வு நடக்குமா என்று கேட்டீர்களே, நடந்துகொண்டுதான் இருக்கிறது. தேடிப் படியுங்கள், வண்ணப்பொருள் அட்டவணைகளை விட, ஆசிரியர்கள் எங்கெங்கே தயங்குகிறார்கள் என்பதைக் கவனித்துப் படியுங்கள்.

நெறியாளர் தேடும்போது மூன்று துறைக்கும் ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். முதலில் ஒரு பொருளையும் ஒரு கேள்வியையும் ஒரு பக்கத்துக்குள் எழுதி, பட்டம் தரும் துறையில் ஒருவரைப் பிடியுங்கள். மற்றத் துறைக்காரரை அவரே அழைக்கட்டும். பேராசிரியர்களுக்குள் ஏற்கெனவே டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் உங்கள் பாதி வேலை முடிந்தது. இரண்டு நெறியாளரும் ஒருவரையொருவர் உங்கள் மூலமாகத்தான் அறிவார்கள் என்றால், நான்கு ஆண்டும் நீங்கள் மொழிபெயர்ப்பாளராகவே இருப்பீர்கள். வேலையைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இந்தத் துறையில் நேரடி வேலை இங்கே மிகக் குறைவு, ஆள் ஓய்வு பெற்றால்தான் இடம் காலி. ஆனால் நுண்ணோக்கியும் ராமனும் கைவந்தவருக்கு வேறு ஆய்வுக்கூடங்களில் பஞ்சமில்லை, என்னோடு படித்த இருவர் பெயிண்ட் தொழிற்சாலையில் என்னைவிட நன்றாகச் சம்பாதிக்கிறார்கள்.

அடுத்த மாதமே தொடங்க ஆசை என்றால், திருப்பணி நடக்கும் ஏதாவது ஒரு கோயிலில் அனுமதி கேட்டு ஒரு சனிக்கிழமை சாரத்துக்குக் கீழே நில்லுங்கள். விழுகிற பொருக்கைச் சிறு காகித உறைகளில் போட்டு, எந்தச் சிற்பம், எந்தத் திசை, எத்தனையாவது நிலை, வண்ணத்தின் மேல்பக்கம் எது என்று ஒவ்வோர் உறையிலும் எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு பேனா மை மழைக்காலம் முடிவதற்குள் ஊறிக் கலைந்துவிடும், அப்புறம் உங்களிடம் இருப்பது ஒரு டப்பா வண்ணக் குப்பைதான்.